ஒசரம்

மார்த்தாண்டத்தில், ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்கு மேலே
பதினெட்டுப் படி ஏறினால் எங்கள் லேப்.
ஜன்னலை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும்
புகைபோட்ட ஷீட்டின் வாடை ஏறி வரும்.
அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான்
முகம் தெரியாதவர்களுக்குப் பல் செய்கிறேன்.

இன்றைக்கு முழுப்பல் அல்ல,
பல்லுக்குள்ளே பதிக்கிற துண்டு: இன்லே.
சொத்தை தின்றது போக
டாக்டர் குடைந்தது போக
மிச்சமிருக்கும் குழிக்கு அளவெடுத்த பீங்கான்.
குருணை இரண்டு சேர்ந்த கனம்.
தும்மினால் போச்சு.
ஒருதடவை போயும் இருக்கிறது;
டார்ச் அடித்துத் தரையெல்லாம் தடவி
கடைசியில் என் சுடிதார் மடிப்பில் கிடந்தது.

குளச்சல் பார்சல் மத்தியானம் வந்தது.
"அக்கா, பல்லு!" என்று
தெருவே நிமிர்ந்து பார்க்கக் கூவினான் கூரியர் பையன்.
சீட்டில் டாக்டர் பெல்சினின் கோழிக்கிறுக்கல்:
ததேயுஸ், ஐம்பத்திரண்டு,
மேல்தாடை, இடது, முதல் கடைவாய்,
நிறம் ஏ மூன்றரை.

விளம்பரத்தில் சிரிக்கிற அந்த வெள்ளை
இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் கிடையாது.
ஏ மூன்றரை என்றால்
காலையிலிருந்து ஐந்து கட்டன்சாயா,
நடுநடுவே பீடி.

பிளாஸ்டர் ஊற்றி, இறுகவிட்டு, உருவினேன்.
முன்பல் இரண்டிலும் ஒரு காடி,
நூல் போய்வந்த வழி.
வலை கட்டுகிற ஆள்.
முடிச்சுப் போட்ட கையோடு
கத்தி தேடாமல் நைலானைக் கடித்து அறுத்திருக்கிறார்,
முப்பது வருஷமாவது.
அந்தக் காடியை அடைக்கச் சொல்லி
சீட்டில் எழுதவில்லை.

சிவப்புப் பென்சிலால் குழியின் விளிம்பை வரைவது
சர்வேயர் கல் நடுகிற மாதிரி.
ஒரு மயிரிழை தள்ளினாலும் வழக்கு வரும்.
வரைந்தேன். மெழுகு சொட்டி
மேடும் பள்ளமும் செதுக்கினேன்.
உலையில் மெழுகு எரிந்துபோக,
அது காலிசெய்த இடத்தில்
பீங்கான் உருகி இறங்கியது.
பள்ளத்தில் பழுப்பாய் ஒரு கோடு தீற்றினேன்,
பழைய பல்லோடு பழகிக்கொள்ளட்டும் என்று.

அந்த ஒரு வாரமும் அங்கே
குழியில் தற்காலிக மருந்தோடு ததேயுஸ்
மரச்சீனியை வலதுபக்கமாய் மென்றிருப்பார்.

ஒட்டின மறுநாள் போன்:
"கொஞ்சம் ஒசரமா இருக்கு, கேட்டியா.
நீலத்தாள் வச்சுக் கடிக்கச் சொன்னா எல்லாம் சரி.
வேலைக்குப் போனா இடிக்குதாம்."

மாடலை எடுத்துக் கீழ்த்தாடையைப் பொருத்தினேன்.
சரிதான்.
திரும்பப் பொருத்தினேன்.
சரிதான்.
பிறகுதான் உறைத்தது.
டாக்டர் கடிக்கச் சொன்னால்
மனுஷன் மரியாதையாகக் கடிப்பார்,
ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.
வலைக்கு முன்னால் அந்த வாய் வேறு.

கீழ்த்தாடையை முன்னால் தள்ளி
லேசாக இடப்பக்கம் சரித்து
காடியோடு கீழ்ப்பல்லைச் சேர்த்தேன்.
பின்னால் டக்கென்று ஒரு சத்தம்.
என் பீங்கான்.

"டாக்டரே, அவரைக் கடிக்கச் சொல்லாதீங்க.
ஒரு முழம் நைலான் குடுங்க."

போனில் கொஞ்சநேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு சிரிப்பு.

நூலைத் தேட வேண்டியிருக்கவில்லையாம்,
அவர் சட்டைப்பையிலேயே இருந்ததாம்.
நீலத்தாளைக் கடைவாயில் நீட்டிப் பிடித்துக்கொள்ள
ததேயுஸ் நூலைக் கடித்திருக்கிறார்.
பின்சரிவில் கடுகளவு நீலப்புள்ளி.
அதை மட்டும் உரசி, வழவழப்பாக்கி,
"இறங்கிட்டு" என்றார் டாக்டர்.

நூல் அறுந்ததா என்று கேட்டேன்.
அறுந்ததாம்.
இனிமேல் கத்தரி வாங்கு என்று திட்டியதற்கு
ததேயுஸ் "சரி" என்றாராம்.
அந்தச் சரியை எனக்குத் தெரியும்.
என் கீழ்க்கடைவாய் ஓட்டையைப் பற்றி
மூன்று வருஷமாய் நானும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை அழுத்தியபடி.

மாடல்களை ஆறுமாதம் வைத்திருப்பது வழக்கம்.
ஜன்னலோர அலமாரியில்
காடியைக் காட்டிக்கொண்டு இருக்கிறது அவர் மேல்தாடை.
வைத்தபோது சுண்ணாம்பு வெள்ளை.
கீழிருந்து ஏறும் ரப்பர்ப் புகையில்
இப்போது அதுவும்
கிட்டத்தட்ட ஏ மூன்றரை.